ஆக்கியோன் பெயரோடு நின்றுவிடும் வாசிப்பு

நீண்ட பதிவு. பொறுமை உள்ளோர் படிக்கலாம்; மறுப்பு உள்ளோர் கட்டாயம் படிக்க வேண்டும்.

பழைய ஜெர்மானிய வெள்ளிக் கலன்களின் அடியிலும் விளிம்பிலும் காணப்படும் சிறு முத்திரைகளை ‘அடையாளம் காணுதல்’ என்ற பெயரில் இன்று நடப்பது பட ஒப்பீடு. அதை வாசிப்பு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் முத்திரையைப் பார்க்கிறார்கள். கையேட்டிலோ கைப்பேசிச் செயலியிலோ அதே வடிவத்தைத் தேடுகிறார்கள். வடிவம் பொருந்தியதும் அருகிலுள்ள பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயருக்கு ஏலத்தில் என்ன விலை என்று பார்த்துவிட்டுக் கலனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். இம்முத்திரை யாருடைய சொல், யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, பொய்யானால் யார் பொறுப்பு என்ற வினாக்களுக்கு இந்தச் செயல்முறையில் இடமே இல்லை.

சேகரிப்பாளர்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் தம் பணத்தையும் கண்பார்வையையும் செலவிட்டுச் சேர்த்த தரவின் மீதுதான் இந்தத் துறையே நிற்கிறது. என் சினம் கல்விப்புலத்தின் மீது. சென்ற பருவத்தில், ஒரு துறைக் கருத்தரங்கில் இதைப் பற்றி நான் பேசியபோது எழுந்த முதல் வினா: “இது பொழுதுபோக்குக்காரர்களின் வேலை, மொழியியலுக்கு இதில் என்ன?” கேட்டவர் குறியியல் பயிற்றுவிப்பவர். குறி என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க மறுப்பது எனக்கு இன்னும் விளங்காத புதிர். வரையறுக்கப்பட்ட சொற்றொகுதி, பேசுவோருக்குச் சட்டப் பொறுப்பு, பொய்யுரைக்குத் தண்டனை, நூற்றாண்டுக் கணக்கில் நீளும் சான்றுகள் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த குறித்தொகுதி வேறு எங்கே கிடைக்கும்?

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘ஜெர்மன் சில்வர்’ என்றால் நம் ஊரில் தாம்பாளம், குங்குமச் சிமிழ், விழா வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்தனுப்பும் சிறு கிண்ணம். அதில் வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகிய மூன்றின் கலவைக்கே அப்பெயர் உரியது. சீனத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த வெண்செம்பைப் போலச் செய்யும் முயற்சியில், 1823-இல் சாக்சனியின் ஷ்னீபெர்க் நகரில் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் கைட்னர் அதை உருவாக்கி ‘அர்கென்டான்’ என்று பெயரிட்டார். பெர்லினின் ஹென்னிகர் சகோதரர்கள் இதே வகைக் கலவையை ‘நாய்சில்பர்’, அதாவது புதுவெள்ளி, என்று விற்றனர். பின்னாளில் ‘அல்பாக்கா’ என்ற வணிகப்பெயரும் சேர்ந்தது. கானல்நீரில் நீர் இல்லாதது போல, ஜெர்மன் சில்வரில் சில்வர் இல்லை. ஜெர்மனியில் செய்யப்பட்ட உண்மையான வெள்ளி வேறு, ஜெர்மன் சில்வர் வேறு. இரண்டுக்கும் ஒரே தொடர் வழங்குவதால், முத்திரையைப் பார்ப்பதற்கு முன்பே பாதிப் பேர் வழிதவறிவிடுகின்றனர். அல்பாக்கா என்ற சொல் பொறித்த கரண்டியை ஒரு நிறுவனத்தின் பெயர் என்று எண்ணி, ‘ஆக்கியோர்: அல்பாக்கா’ என்று எழுதப்பட்ட விற்பனைக் குறிப்பை நானே கண்டிருக்கிறேன். பித்தளை என்பதைத் தட்டாரின் பெயராகக் கொள்வதற்கு இது நிகர்.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை ‘90’ என்ற எண். வெள்ளி முலாம் பூசிய ஜெர்மானிய உணவுக்கருவிகளில் 90, 100 போன்ற எண்கள் இருக்கும். இவை முலாமுக்குச் செலவான வெள்ளியின் கிராம் எடையைச் சொல்பவை. ஒரு குறிப்பிட்ட பரப்பளவுக்கு, அதாவது வழக்கில் பன்னிரு கரண்டியும் பன்னிரு முட்கரண்டியும் கொண்ட தொகுதிக்கு, இவ்வளவு கிராம் என்று பொருள். 90-ஐ நூற்றுக்குத் தொண்ணூறு என்று படிப்பவர், எடை சொல்லும் எண்ணை மாற்றுச் சொல்லும் எண்ணாகக் கொள்கிறார். எண்ணும் ஒரு சொல்தான். எந்த அலகில் பேசுகிறது என்று அறியாமல் அதற்குப் பொருள் கிடையாது.

இனி உண்மையான வெள்ளிக்கு வருகிறேன். இங்கேதான் நம்மவர் பெரிதும் ஏமாறுகின்றனர். அதற்குக் காரணமும் நம் பழக்கத்தில் உள்ளது. இந்தியாவில் தங்க நகையில் இருக்கும் பிஐஎஸ் ஹால்மார்க், நகைக்கடைக்காரரின் சொல் அன்று. அங்கீகரிக்கப்பட்ட ஒரு சோதனை மையம் மாற்றை அளந்து இடுவது. அதே நினைவோடு ஜெர்மானிய வெள்ளியில் பிறைநிலா, மணிமுடி, ‘800’ என்ற எண் ஆகியவற்றைப் பார்ப்போர், அதை அரசு சோதித்துத் தந்த சான்றாகவே எடுத்துக்கொள்கின்றனர். அது பிழை. 1871-இல் ஒன்றுபட்ட ஜெர்மானியப் பேரரசு, நகரந்தோறும் வேறுபட்டுக் கிடந்த வழக்குகளை அகற்ற 1884 ஜூலையில் ஒரு சட்டம் இயற்றியது. அது 1888 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி, ஆயிரத்தில் 800 பங்கோ அதற்கு மேலோ தூய வெள்ளி கொண்ட கலன்களில் பிறையும் முடியும் இடலாம். இடுபவர் அரசு அலுவலர் அல்லர், செய்து விற்கும் நிறுவனமே. பிழையானால் பொறுப்பும் அதற்கே. ஆஸ்டினைப் படித்தவர்களுக்குச் சொல்கிறேன்: இம்முத்திரை உலகில் உள்ள ஒன்றை வருணிக்கும் கூற்று அன்று, ‘உறுதி அளிக்கிறேன்’ என்று சொல்வதன் வாயிலாகவே நிகழும் செயல். வாக்குறுதியைச் சோதனை முடிவாக வாசிப்பவருக்கு இலக்கணமும் தெரியவில்லை, சட்டமும் தெரியவில்லை.

அச்சட்டத்தின் வாசகத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. கலனில் மாற்றின் எண்ணோடு என்ன இடம்பெற வேண்டும் என்று அது சொல்லும்போது, ‘செய்தவர் பெயர்’ என்று சொல்லவில்லை. யாருக்காக முத்திரை இடப்பட்டதோ அந்த வணிக நிறுவனம் அறியப்படுமாறு இருக்க வேண்டும் என்கிறது. செய்தவரும் அவரும் ஒருவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஹைல்பிரோன் நகரின் புரூக்மன், பிரேமனின் வில்கென்ஸ், கோஹ் உண்ட் பெர்க்ஃபெல்ட் ஆகிய பெருந்தொழிலகங்களின் கலன்கள் பல நகரங்களின் நகை வணிகர்களுக்குச் சென்றன. அவ்வணிகரின் பெயரும் கலனில் ஏறியது. ஆகவே ஒரே கலனில் இரண்டு பெயர்கள். ‘ஆக்கியோன் முத்திரை’ என்ற ஒற்றைச் சொல்லால் இதை மொழிபெயர்க்கும் கணத்திலேயே தவறு தொடங்கிவிடுகிறது. ‘பொறுப்பேற்போர் முத்திரை’ என்பதே சரியான பெயர் என்று நான் கருதுகிறேன். ஆங்கிலேயரும் தம் முத்திரை வழக்கில் ‘ஆக்கியோர்’ என்ற பழஞ்சொல்லை விட்டுப் பொறுப்பேற்பவரைக் குறிக்கும் சொல்லுக்கு மாறிவிட்டனர். நம் கட்டுரைகள்தாம் மாறவில்லை.

இதற்கு ஆகச் சிறந்த சான்று ‘பிஎம்’ என்ற இரண்டு எழுத்துகள். முழுக் கவசம் பூண்ட வெள்ளி வீரர் சிலைகள், பாய்மரக் கப்பல் வடிவக் கலன்கள், மூடியிட்ட பெரிய கோப்பைகள் முதலியவற்றில் இவ்வெழுத்துகள் செஸ்டர் நகரின் ஆங்கில முத்திரைகளோடு சேர்ந்து காணப்படும். பிஎம் யாரென்று தேடினால் பெர்தோல்ட் முல்லர் என்ற பெயர் கிடைக்கும். தேடல் அங்கே முடிந்துவிடுகிறது. ‘பெர்தோல்ட் முல்லர் செய்த வீரர் சிலை’ என்று குறிப்பும் எழுதப்படுகிறது. முல்லர் வெள்ளி வேலை செய்தவர் அல்லர். ஜெர்மானியக் கலன்களை இங்கிலாந்துக்கு இறக்குமதி செய்தவர். அயல்நாட்டு வெள்ளி அங்கே விற்கப்படுமுன் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டம். சோதனைக்குக் கொடுப்பவர் தம் எழுத்துகளைப் பதிந்தாக வேண்டும். பிஎம் என்பது அந்தப் பதிவு. அக்கலன்களை அவருக்கு அனுப்பியவர்களுள் முதன்மையானோர் ஹனாவ் நகரத்து நெரெஸ்ஹைமர் நிறுவனத்தார். சுங்கவாயிலில் கையெழுத்திட்டவரை நூலாசிரியர் என்று நூலகப் பட்டியலில் ஏற்றினால் எப்படி இருக்கும்!

ஹனாவ் என்று சொல்லிவிட்டேன். இந்த நகரத்தை விளங்கிக்கொள்ளாதவர் ஜெர்மானிய வெள்ளியைப் பற்றிப் பேசாதிருப்பது நல்லது. மைன் நதிக்கரையில், பிராங்க்ஃபர்ட்டுக்கு அருகில் உள்ள ஊர். சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த பிரெஞ்சு, வல்லோனிய அகதிகள் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குடியேறிப் பொன்வேலையை வளர்த்தனர். 1772-இல் வரைகலைக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. அது இன்றும் இயங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பாணி வெள்ளிக் கலன்களுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும் மோகம் எழுந்தபோது, ஷ்லைஸ்னர், நெரெஸ்ஹைமர் போன்ற ஹனாவ் நிறுவனங்கள் அதை நிறைவு செய்தன. பாணி மட்டுமா பழையது? முத்திரையும் பழையதைப் போல அமைந்தது.

ஆக்ஸ்பர்க் நகரின் முத்திரை பைன்மரக் காய். நியூரம்பெர்கின் முத்திரை ‘என்’ என்ற எழுத்து. கைவினைச் சங்கங்கள் கோலோச்சிய நாள்களில் இவை கனமான சொற்கள். ஆக்ஸ்பர்க் ஆசான் தன் முத்திரையை இட்டுக் கலனைச் சங்கத்தின் சோதனையாளரிடம் கொண்டுசெல்வார். சோதனையாளர் அடிப்புறத்தில் கூரிய கருவியால் நெளிவாகச் சுரண்டி, அந்தத் துகளை எடுத்துச் சோதிப்பார். பதினாறில் பதின்மூன்று பங்கு வெள்ளி இருந்தால் பைன்காய் விழும். அந்த நெளிகோடு இன்றும் பழங்கலன்களில் தெரியும். என்னைக் கேட்டால், கலனில் உள்ள மிக நேர்மையான எழுத்து அதுதான். அதற்கு வடிவ அழகில்லை, கையேட்டில் இடமில்லை, பெயரும் சொல்லாது. ஆனால் ஒருவர் அங்கே உண்மையில் சோதித்தார் என்பதற்கு உடல் சார்ந்த தடயம். (தமிழில் உரைகல்லில் தேய்ப்பதும் உரைத்தல், பேசுவதும் உரைத்தல். இதை நான் கருத்தரங்கில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. போகட்டும்.)

ஹனாவ் பட்டறைகளோ பைன்காயை ஒத்த காயையும், ‘என்’ எழுத்தை ஒத்த எழுத்தையும், பிரெஞ்சு முத்திரைகளை நினைவூட்டும் முடிகளையும் தம் விருப்பப்படி இட்டன. அந்நகரில் கட்டாய நகரச் சோதனை இல்லாதிருந்ததால், எதை இடலாம் எதை இடலாகாது என்று கேட்பாரும் இல்லை. சில கலன்களில் இந்தக் கற்பனை முத்திரைகளின் அருகிலேயே 1888-க்குப் பிந்தைய பிறையும் முடியும் 800-உம் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது முரண்தொடர்: 17-ஆம் நூற்றாண்டும் 19-ஆம் நூற்றாண்டும் ஒரே வாயால் பேசுகின்றன. படம் ஒப்பிடுபவனுக்கோ காய் பொருந்திவிட்டது. பிறையை அவன் ‘பிற்காலத்தில் யாரோ சேர்த்தது’ என்று தள்ளிவிடுகிறான். இப்படித்தான் நூற்றைம்பது ஆண்டுக்கும் குறைந்த வயதுடைய கோப்பைகள் முந்நூறு ஆண்டுப் பழமை பெறுகின்றன.

எதிர்த்தரப்பும் இதே சோம்பலில்தான் இருக்கிறது. ஹனாவ் முத்திரை என்றதும் ‘போலி’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவோரைச் சொல்கிறேன். பழைய பாணியில் செய்து பழைய பாணி முத்திரையை அணியாக இடுவது ஒன்று. வாங்குவோரை ஏமாற்றும் கருத்தோடு இடுவது இன்னொன்று. முதலாவது மேற்கோள், இரண்டாவது பொய்ச்சான்று. ஒரே வடிவம் கொண்ட முத்திரை பட்டறையில் மேற்கோளாகப் பிறந்து, மூன்றாவது வணிகரின் கையில் பொய்ச்சான்றாக மாறிவிடலாம். பொருள் வடிவத்தில் இல்லை, பயன்பாட்டில் இருக்கிறது என்று முதலாண்டு மாணவருக்கு நாமே கற்பிக்கிறோம். பிறகு ஒரு வெள்ளிக் கோப்பையைக் கண்டதும் அதை மறந்துவிடுகிறோம்.

கையேடுகளைப் பற்றியும் ஒரு சொல். மார்க் ரோசன்பெர்க் 1890-இல் வெளியிட்ட பொற்கொல்லர் முத்திரைத் தொகுப்பும், 1922 முதல் 1928 வரை நான்கு தொகுதிகளாக வந்த அதன் மூன்றாம் பதிப்பும் ஒப்பற்ற உழைப்பு. ஆக்ஸ்பர்க் பொற்கொல்லர்களைப் பற்றி ஹெல்முட் செலிங் 1980-இல் வெளியிட்ட மூன்று தொகுதிகளும் அவ்வாறே. ஆனால் அகராதி வேறு, வாசிப்பு வேறு. அகராதி கையில் இருப்பதாலேயே ஒருவர் சங்கப் பாடலுக்கு உரை எழுதிவிட முடியாது. நேர்மையாளர் முத்திரையைக் கண்டுபிடிக்கப் புரட்டும் அதே பக்கத்தைப் பார்த்துத்தான் போலி செய்பவனும் அச்சு வெட்டுகிறான் என்பதையும் மறக்கலாகாது.

இவ்வளவும் வெறும் வகைப்பாட்டுப் பூசல் என்று தோன்றலாம். நான் இதை இவ்வளவு வன்மையாக எழுதக் காரணம் வேறு.

நம் இலக்கணிகள் ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதும்போது ஆக்கியோன் பெயரோடு நிற்கவில்லை. வழி, எல்லை, கேட்போர், பயன் என்றும், சிலர் காலம், களம், காரணம் என்றும் சேர்த்துப் பதினொரு செய்திகள் வரை கேட்டனர். வெள்ளிக் கலனிடம் நாம் முதல் வினாவை மட்டும் கேட்கிறோம். அது யாருக்காகச் செய்யப்பட்டது, யார் வீட்டில் இருந்தது, அங்கிருந்து எப்படி வெளியேறியது என்று கேட்பதில்லை. ஜெர்மானிய வெள்ளியைப் பொறுத்தவரை, கேட்காதிருப்பது நடுநிலை ஆகாது.

1939 பிப்ரவரி 21 அன்று நாஜி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. யூதர்கள் தம்மிடமுள்ள பொன், வெள்ளி, பிளாட்டினம், மணிகள், முத்துகள் அனைத்தையும் சில வாரங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் இடம் நகராட்சி அடகுக்கடை. திருமண மோதிரமும், ஆளுக்குச் சில உணவுக்கருவிகளும் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. ஓய்வுநாள் விளக்குத்தண்டுகள், சடங்குக் கிண்ணங்கள், பாட்டிமார் சீராகக் கொண்டுவந்த கரண்டித் தொகுதிகள் எல்லாம் மேசைக்கு வந்தன. மதிப்புக்கு ஒவ்வாத அற்பத் தொகை கொடுக்கப்பட்டது. பெரும்பகுதி உருக்கப்பட்டது. எஞ்சியவற்றுள் சில வணிகர்களிடமும் சில அருங்காட்சியகங்களிடமும் சென்றன.

அக்கலன்களில் முத்திரை இருந்தது. பிறையும் முடியும் 800-உம் இருந்தன. செய்த நிறுவனத்தின் பெயரும் இருந்தது. உடைமையாளர் பெயர் முத்திரையில் இல்லை. முத்திரையின் வேலையும் அதுவன்று. மியூனிக்கில் உள்ள பவேரியத் தேசிய அருங்காட்சியகம் அந்நகர அடகுக்கடையிலிருந்து அன்று வாங்கிய வெள்ளிக் கலன்களில் நூற்றுக்கு மேற்பட்டவை அதனிடமே தங்கிவிட்டன. அண்மை ஆண்டுகளில் அங்குள்ள ஆய்வாளர் மத்தியாஸ் வெனிகர் அவற்றின் உரிமையாளர் வழித்தோன்றல்களைத் தேடிக் கண்டு, பல நாடுகளில் வாழும் குடும்பங்களிடம் திருப்பித் தந்து வருகிறார். அவருக்கு வழிகாட்டியது எது தெரியுமா? கலன்களில் ஒட்டியிருந்த பழுப்பேறிய சிறு காகிதத் துண்டுகள். அடகுக்கடை ஒட்டிய எண்கள் அவற்றில் இருந்தன. அந்த எண்ணை 1939-ஆம் ஆண்டு ஆவணங்களோடு பொருத்தினால், ஒப்படைத்தவர் பெயர் கிடைக்கும்.

அந்தக் காகிதத்தை எந்த முத்திரைக் கையேடும் படமாகத் தருவதில்லை. விற்பனைக்கு முன் கலனைத் துலக்கும்போது முதலில் போவது அதுவே. அடுத்துப் போவது பெயரெழுத்துச் செதுக்கல்; குடும்பத்தின் முதலெழுத்துகள் பிறருக்கு விற்கத் தடையாக இருக்கின்றன என்று தேய்த்து அழிப்பது வணிகத்தில் வழக்கமான செயல். ஆக்கியோன் பெயரைத் துலக்கமாக்கும் அதே துணி உடைமையாளர் பெயரைத் துடைத்தெறிகிறது. முத்திரை மட்டுமே சான்று என்று கற்பித்து வந்த நம் முறை இதற்குத் துணைபோகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

“இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மானியக் கலன்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?” என்று கேட்பீர்கள். ஏல நிறுவனங்களின் மின்பட்டியல்கள் வழியே இவை இங்கும் வாங்கப்படுகின்றன. நம் மாணவர்கள் அந்நிறுவனங்களுக்குப் பட்டியல் எழுதும் பணிக்கும் செல்கின்றனர். 1933-க்கும் 1945-க்கும் இடையில் இந்தக் கலன் எங்கே இருந்தது என்ற ஒரு வரியைக் கேட்டு எழுத அவர்களுக்கு யார் கற்பித்தோம்?

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. பொருள்சார் பண்பாடு குறித்த பாடத்திட்டத்தில், முத்திரைப் பட்டியலோடு 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தையும் சேருங்கள். கலனை விவரிக்கும்போது செய்தவர், விற்றவர், இறக்குமதி செய்தவர், சோதித்தவர் ஆகியோருக்குத் தனித்தனி இடம் ஒதுக்குங்கள். ‘ஆக்கியோர்’ என்ற ஒரே கட்டத்தில் நால்வரையும் திணிக்காதீர்கள். சுரண்டல் கோடு, கீறிய எண், செதுக்கிய எழுத்து, அழித்த எழுத்தின் தடம், ஒட்டிய காகிதம் எதையும் ‘பிற’ என்று எழுதி விடாதீர்கள். அருங்காட்சியக மின்தொகுப்புகளில் கலனின் முகத்தை மட்டும் ஒளியூட்டிப் படமெடுத்து ஏற்றும் வழக்கத்தை மாற்றி, அடிப்புறத்தையும் ஏற்றுங்கள். படமெடுப்பதற்கு முன் வெந்நீரில் கழுவ வேண்டாம்.